விடுதியில் ஆக்சஸ் பாயின்ட் கூடக் கூட வைஃபை மோசமாகிறது: சேனல் திட்டம், பவர் அளவு குறித்து ஆலோசனை தேவை

விடுதிவலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் வலையமைப்பைக் கவனித்து வருகிறேன். அங்குள்ள மாணவர் விடுதி ஒன்றின் வைஃபை குறித்து அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கட்டடம் தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் கொண்டது. ஒவ்வொரு தளத்திலும் நடுவே நீண்ட நடைவழி, இருபுறமும் அறைகள், அறைகளுக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வைஃபை அலையை வழங்கும் ஆக்சஸ் பாயின்ட் கருவிகள் அனைத்தும் நடைவழிக் கூரையில் பொருத்தப்பட்டிருக்கின்றன. முன்பு தளத்துக்கு நான்கு இருந்தன. இரவில் இணையம் வருவதில்லை என்று மாணவர்கள் தொடர்ந்து முறையிட்டதால், சென்ற கோடை விடுமுறையில் நிர்வாகம் அந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியது. அதன்பின் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேல் கைபேசியில் சிக்னல் முழுமையாகத் தெரிகிறது. ஆனால் ஒரு சாதாரணப் பக்கம் திறப்பதற்கே நெடுநேரம் பிடிக்கிறது. அந்நேரத்தில் கல்லூரியின் இணைய இணைப்பு பாதிகூட நிரம்புவதில்லை. ஸ்விட்சுகளிலும் பிழைக் கணக்கு எதுவும் ஏறவில்லை.

எல்லா ஆக்சஸ் பாயின்டுகளிலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் இயங்குகின்றன. பவர் உச்ச அளவில் உள்ளது. சேனல் (அலைவரிசைத் துண்டு) தேர்வு, ஆக்சஸ் பாயின்டுகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் தானியங்கி முறையில் விடப்பட்டிருக்கிறது. மாணவர், ஆசிரியர், விருந்தினர், தேர்வுப் பணி, பயோமெட்ரிக் கருவிகள் என ஐந்து எஸ்எஸ்ஐடிகள் (வைஃபை பெயர்கள்) எல்லா இடங்களிலும் ஒலிபரப்பாகின்றன. பொருத்தித் தந்த நிறுவனத்தார் 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தச் சொல்கின்றனர்; அது போதவில்லையெனில் இன்னும் சில ஆக்சஸ் பாயின்டுகள் வாங்கலாம் என்கின்றனர். சேனல்களை நானே கையால் ஒதுக்கிவிட்டால் சரியாகுமா என்பதே என் கேள்வி.


அலைமாலை எழுதியது:

வணக்கம். சேனலைக் கையால் ஒதுக்குவதற்கு முன், எதைப் பங்கிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை அனைத்தும், அவை உங்களுடைய ஆக்சஸ் பாயின்டோடு இணைந்திருந்தாலும் பக்கத்து விடுதியின் ரவுட்டரோடு இணைந்திருந்தாலும், அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்கும். வேறொரு வைஃபை கருவி தன் செய்திக்கு முன் அனுப்பும் முகப்புக் குறியை, அலை வலிமையின் அளவான டிபிஎம்மில் ஏறத்தாழ கழித்தல் 82 என்ற மிக மெலிந்த அளவில் கேட்டாலே போதும், உங்கள் கருவி வாயை மூடிக்கொள்ளும். அந்த அளவில் இணைந்து பயன்படுத்துவது கடினம். ஆனால் காத்திருக்க வைப்பதற்கு அது தாராளம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஒரு சேனல் பிடிக்கும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும். தளத்துக்கு எட்டு ஆக்சஸ் பாயின்டுகள் உச்ச பவரில் ஒரே நடைவழியில் தொங்கும்போது, எந்தத் திட்டம் போட்டாலும் மூன்று சேனலில் எட்டைப் பிரித்தாக வேண்டும். நடைவழியில் குறுக்கே சுவர் இல்லை. ஒன்றை ஒன்று மிகத் தெளிவாகக் கேட்கும். மேல் தளமும் கீழ்த் தளமும் தனிக் கணக்கு. கூட்டிய ஆக்சஸ் பாயின்டுகள் புதிய இடத்தை உண்டாக்கவில்லை. இருந்த அதே மூன்று இடங்களில் வந்து நெருக்கியிருக்கின்றன.

பயனர் யாரும் இல்லாத நேரத்தில், எடுத்துக்காட்டாக மாணவர்கள் வகுப்பில் இருக்கும் முற்பகலில், கன்ட்ரோலர் காட்டும் சேனல் பயன்பாட்டு விழுக்காட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். மேற்கொண்டு பேசுவதற்கு அந்த எண் தேவை.


விடுதிவலை எழுதியது:

பார்த்தேன். விடுதி வெறிச்சோடியிருந்த நேரத்திலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலான ஆக்சஸ் பாயின்டுகள் 50 முதல் 60 விழுக்காடு வரை காட்டுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் அது ஒற்றை இலக்கம்தான். யாருமே இல்லாதபோது இவ்வளவு ஏர்டைமை (சேனலில் பேசும் நேரத்தை) எது எடுத்துக்கொள்கிறது?


நெல்லைநிர்வாகி எழுதியது:

தங்கள் ஐந்து எஸ்எஸ்ஐடிகள்தான். கணக்கிட்டே காட்டுகிறேன்.

ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பீக்கன் அனுப்புகிறது. அதை எல்லாப் பழைய கருவிகளும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. மாற்றியமைக்காத நிலையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது விநாடிக்கு 1 மெகாபிட். ஒரு பீக்கன் சுமார் 300 பைட் என்று வைத்துக்கொண்டால் 2400 பிட். 1 மெகாபிட் வேகத்தில் அதற்கு 2.4 மில்லிசெகண்ட், முகப்புக் குறியையும் சேர்த்தால் 2.6 ஆகும். அதாவது ஒரு பீக்கனுக்கு ஏர்டைமில் இரண்டரை விழுக்காடு. ஐந்து எஸ்எஸ்ஐடி என்றால் ஒரே ஆக்சஸ் பாயின்டுக்கு சுமார் 12.5 விழுக்காடு. அதே சேனலில் நான்கு ஆக்சஸ் பாயின்டுகள் ஒன்றையொன்று கேட்கின்றன என்றால், ஒரு மாணவர்கூட இணையாத நிலையில் பாதி நேரம் போய்விடுகிறது. தங்கள் கன்ட்ரோலர் காட்டும் எண்ணும் இதுதான்.

ஆகவே முதலில் எஸ்எஸ்ஐடிகளைக் குறையுங்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் தேர்வுப் பணிக்கும் தனித்தனிப் பெயர் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கால் நுழையும் 802.1எக்ஸ் முறையில் ஒரே பெயரில் அனைவரையும் உள்நுழையச் செய்து, ரேடியஸ் சர்வர் அவரவர் கணக்கைப் பார்த்து உரிய விலானில் (தனியாகப் பிரித்த வலைப்பகுதியில்) போடும்படி செய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீரேடியஸ் இதற்குப் போதும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வைஃபை சேவையான எடுரோம் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. இந்தியாவில் அதை, கல்வி நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்நெட் நடத்துகிறது. தங்கள் கல்லூரி அதில் சேர்ந்தால் விருந்தினராக வரும் பேராசிரியர்களுக்குத் தனி எஸ்எஸ்ஐடி கொடுக்கும் தேவையும் குறையும். பயோமெட்ரிக் கருவி எந்த வாசலில் இருக்கிறதோ அந்த ஆக்சஸ் பாயின்டில் மட்டும் அதற்கான பெயர் ஒலித்தால் போதுமே, மூன்றாவது மாடிக்கு எதற்கு?

அடுத்து, 1, 2, 5.5, 11 மெகாபிட் வேகங்களை நீக்கிவிட்டு, அடிப்படை வேகத்தை 12 ஆக்குங்கள். அதே பீக்கன் 0.22 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். மேலே சொன்ன இருபது பீக்கன்களும் சேர்ந்து நாலரை விழுக்காட்டுக்குள் அடங்கும். மிகப் பழைய பயோமெட்ரிக் கருவிகள் சில 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தை மட்டுமே அறிந்தவையாக இருக்கக்கூடும். மாற்றுவதற்கு முன் அவற்றைச் சோதித்துவிடுங்கள். முடிந்தால் அத்தகைய கருவிக்கு ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்துவிடுவது நிம்மதி.


பழையகம்பி எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடிப்படை வேகத்தை உயர்த்தினால் ஆக்சஸ் பாயின்டின் எல்லை சுருங்கிவிடும், அதனால் குறுக்கீடும் குறையும் என்று பலர் எழுதுகின்றனர். இணையக்கூடிய எல்லை சுருங்குவது உண்மை. ஆனால் காத்திருக்க வைக்கும் முகப்புக் குறி முன்போலவே தொலைதூரம் கேட்கும். அதைக் குறைக்கப் பவரைத்தான் குறைக்க வேண்டும்.

உச்ச பவரில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்சஸ் பாயின்ட் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்டில் பேசினாலும், கைபேசி பெரும்பாலும் அதில் கால்பங்கு அளவில்தான் பதில் சொல்லும். ஒலிபெருக்கியில் பேசுபவருக்கு மாடியிலிருந்து முணுமுணுத்துப் பதில் சொல்வது போன்ற நிலை இது. மாணவரின் திரையில் சிக்னல் முழுமையாக நிற்கிறது. அவருடைய கைபேசி அனுப்பியதோ ஆக்சஸ் பாயின்டுக்கு வந்து சேரவில்லை. மறுபடி மறுபடி அனுப்புகிறது. அந்த மறு அனுப்பல் ஒவ்வொன்றும் மற்றவர்களின் நேரத்தையும் தின்கிறது.

இன்னொரு தீமையும் உண்டு. எந்த ஆக்சஸ் பாயின்டை விட்டு எதற்கு மாறுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்கிறது. கன்ட்ரோலர் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. ஆப்பிள் நிறுவனத்தின் ஆவணத்தின்படி ஐபோன், சிக்னல் கழித்தல் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும். உங்கள் ஆக்சஸ் பாயின்டுகள் உச்ச பவரில் முழங்குவதால், தரைத்தள உணவுக்கூடத்தில் பிடித்த இணைப்பை மாணவர் இரண்டாம் மாடிவரை கொண்டுபோவார். தலைக்கு மேலேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட் சும்மா இருக்கும். அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்டுகளைக் கைபேசிக்குச் சொல்லும் 802.11கே, வி ஆகியவற்றை இயக்கி வைப்பது உதவும். ஆனால் பவரைக் குறைக்காமல் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது: 5 கிகாஹெர்ட்ஸில் 14 அல்லது 15 டிபிஎம், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதைவிட 6 டிபி குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இயல்பாகவே நெடுந்தூரம் செல்வதால் இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் கருவிகள் அதன் பக்கமே சாயும். மேலும், நடைவழியில் உள்ள ஆக்சஸ் பாயின்டுகளில் பாதிக்கு மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை முற்றிலும் அணைத்துவிடுங்கள். வாங்கிய பொருளை அணைத்து வைப்பதா என்று நிர்வாகம் கேட்கும். அணைப்பது ஆக்சஸ் பாயின்டை அல்ல, அதன் ஒரு ரேடியோவை மட்டும் என்று விளக்கிவிடுங்கள்.


மாடிப்படி எழுதியது:

1, 5, 9, 13 என்று நான்காகப் பிரித்தால் என்ன? நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டே. நான்கு சேனல் கிடைக்குமே.


பழையகம்பி எழுதியது:

தாளில் அழகாக இருக்கும். பழைய 802.11பி இல்லாத இடத்தில் அந்த நான்கும் அநேகமாக மோதாது என்பதும் உண்மையே. ஆனால் சுற்றுவட்டாரத்தில் உள்ள வீடுகளும் மாணவர்களின் ஹாட்ஸ்பாட்டுகளும் 1, 6, 11 என்றே இருக்கும். நீங்கள் 9இல் அமர்ந்தால் 6, 11 ஆகிய இரண்டு பக்கத்தின் இரைச்சலும் உங்கள்மேல் விழும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் பேசுவர். பாதி மேற்பொருந்திய சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்ளாமல் இடைமறிப்பர். இது முன்னதைவிடக் கொடுமை. தவிர, அமெரிக்கச் சந்தைக்கான மடிக்கணினிகள் சில 13ஐக் காணவே காணா. வளாகம் முழுவதும், அக்கம்பக்கம் உட்பட, உங்கள் கையில் இருந்தால் மட்டுமே இதை எண்ணிப் பார்க்கலாம்.


அலைமாலை எழுதியது:

இனி நடைவழிப் பிரச்சினை. நடைவழியில் ஆக்சஸ் பாயின்ட் வைப்பது பொருத்துபவருக்கு வசதி. கேபிள் தட்டு அங்கேதான் ஓடுகிறது, ஏணி போட இடம் உண்டு, பூட்டிய அறைக்குள் நுழைய வார்டனைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அலைகளின் நோக்கில் அது தலைகீழான அமைப்பு. ஒன்றையொன்று கேட்கக் கூடாத ஆக்சஸ் பாயின்டுகள் தடையின்றிக் கேட்கின்றன. கேட்க வேண்டிய மாணவர் சுவருக்கு அப்பால் கட்டிலில் கிடக்கிறார். அறைக்குள் வைத்தால் அந்தச் சுவர்களே உங்களுக்கு உதவும். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக மட்டுப்படுத்தும், கான்கிரீட் தளம் அதைவிடக் கூடுதலாக மட்டுப்படுத்தும். இரண்டு சுவர் தாண்டினால் அதே சேனலை மறுபடியும் பயன்படுத்தலாம்.

எட்டையும் பிரித்து மாட்டுவது பெரிய வேலைதான். இப்போதைக்கு ஒரே ஒரு தளத்தில் மட்டும், ஆக்சஸ் பாயின்டுகளை இடப்புற அறை, வலப்புற அறை என்று மாறிமாறி உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள். பின்னர் மேல் தளத்திலும் செய்யும்போது அதே வரிசையை ஓர் அறை தள்ளி வையுங்கள். ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்று வரக் கூடாது. ஸ்விட்சிலிருந்து கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடைவழியின் கடைசி அறைக்குள் நுழைந்து திரும்பும்போது இந்த எல்லை எதிர்பாராமல் இடிக்கும்.


நெல்லைநிர்வாகி எழுதியது:

கேட்கப்பட்ட அசல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால்: 2.4 கிகாஹெர்ட்ஸைக் கையால் ஒதுக்குங்கள், 5 கிகாஹெர்ட்ஸைத் தானியங்கி முறைக்கு விடுங்கள். மூன்றே சேனல் உள்ள இடத்தில், கட்டட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மனிதர் போடும் திட்டம் நன்றாகவே இருக்கும்; அது அடிக்கடி மாறவும் தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் மிகுதி, ஆக்சஸ் பாயின்டுகளும் மிகுதி என்பதால் மென்பொருள் நம்மைவிடத் திறமையாகப் போடும்.

ஆனால் தானியங்கியின் நேரத்தைக் கவனியுங்கள். சிஸ்கோ கன்ட்ரோலரில் சேனல் மறுபரிசீலனை இயல்பு நிலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. அரூபா நிறுவனத்தின் தானியங்கியான ஏர்மேட்ச் நாள் முழுவதும் அளவெடுத்துவிட்டு அதிகாலை ஐந்து மணிக்கு மாற்றத்தைச் செயல்படுத்தும். மக்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு இரண்டாவது முறையே ஏற்றது. இணைய வழித் தேர்வு நடக்கும்போது சேனல் மாறி, நாற்பது மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் அறுந்தால் விளக்கம் கேட்கும் கடிதம் நமக்குத்தான் வரும்.


பழையகம்பி எழுதியது:

5 கிகாஹெர்ட்ஸையும் கையால் போடுபவன் நான். அளவெடுத்த நேரத்தில் எதிர்வீட்டு ரவுட்டர் அணைந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தானியங்கி தளம் முழுவதையும் மாற்றியமைப்பதைப் பார்த்திருக்கிறேன். இதில் நம் இருவருக்கும் உடன்பாடு வராது.


நாஞ்சில்அலை எழுதியது:

80 மெகாஹெர்ட்ஸ் யோசனையை யாரும் தொடவில்லை. அதை ஏற்காதீர்கள்.

இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பின் 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5725 வரை, 5725 முதல் 5875 வரை என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இன்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது. 36 முதல் 165 வரையிலான சேனல்களை 20 மெகாஹெர்ட்ஸாகப் பிரித்தால் 25 இடங்கள். 40ஆகப் பிரித்தால் 12. 80ஆகப் பிரித்தால் வெறும் 6. தளத்துக்கு எட்டு வைத்திருக்கும் நீங்கள் ஆறைக் கொண்டு என்ன செய்வீர்கள்? 2.4இல் இன்று நடப்பதையே 5இலும் கொண்டுவந்து சேர்ப்பீர்கள். அகலம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் உள்வாங்கும் இரைச்சலும் 3 டிபி கூடும் என்பது தனிச் செய்தி. வேகச் சோதனைச் செயலியில் பெரிய எண்ணைக் காட்டி விற்பவருக்கு அகலச் சேனல் நல்லது. விடுதிக்கு 20 போதும்.

அந்த 25இல் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் டிஎஃப்எஸ் சேனல்கள். ரேடார் இருக்கிறதா என்று ஆக்சஸ் பாயின்ட் 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே அவற்றில் பேசத் தொடங்கும். பின்னால் ரேடார் அலை கேட்டால் உடனே விலகி, 30 நிமிடம் அங்கே திரும்பாது. இதற்கு அஞ்சி அந்தச் சேனல்களை மொத்தமாக விலக்கிவிடுவோர் உண்டு. விலக்கினால் 25 என்பது 9 ஆகிவிடும். வானிலை ரேடார் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் உள்ளவை எஸ் பட்டையில், சுமார் 2.8 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திருவனந்தபுரம் தும்பாவில் உள்ளது சி பட்டை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. எங்கள் பகுதியில்தான் அதை எண்ணிப் பார்க்க வேண்டும். டிஎஃப்எஸ் சேனல்களை இயக்கி, கன்ட்ரோலர் பதிவேட்டில் ரேடார் நிகழ்வுகள் வருகின்றனவா என்று சில வாரங்கள் பாருங்கள். எந்தச் சேனலில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் நீக்குங்கள்.


மாடிப்படி எழுதியது:

எங்கள் விடுதியில் மாணவர்களே சொந்த ரவுட்டர் வாங்கி அறையில் வைத்துவிடுகின்றனர். எங்கள் கன்ட்ரோலரில் அந்நிய ரவுட்டர்களை முடக்கும் வசதி இருக்கிறது. இயக்கினால் அதில் இணைந்தவர்களைத் துண்டித்துவிடும். விடுதிவலை அவர்களும் அதைப் பயன்படுத்தலாமே.


அலைமாலை எழுதியது:

வேண்டாம். அந்த வசதி, போலியான துண்டிப்புச் செய்திகளை அனுப்பிப் பிறர் இணைப்பை அறுக்கிறது. 2014இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் இதே செயலுக்காக மேரியட் விடுதி நிறுவனத்துக்கு 6 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளை அந்நிறுவனத்தின் நாஷ்வில் விடுதி ஒன்றில் முடக்கியிருந்தனர். சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தத் துண்டிப்புச் செய்திகளும் ஏர்டைமைத்தான் தின்கின்றன. உங்கள் வலையமைப்பின் கேபிளில் செருகப்பட்ட ரவுட்டரை ஸ்விட்ச் போர்ட்டிலேயே தடுத்துவிடலாம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. மாணவரின் சொந்த சிம் ஹாட்ஸ்பாட்டைத் தொழில்நுட்பத்தால் அடக்க முயல வேண்டாம். விடுதி வைஃபை ஒழுங்காக இயங்கினால் அவை பெருமளவு தாமாகவே குறையும்.


விடுதிவலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன். எஸ்எஸ்ஐடிகளை இரண்டாகக் குறைத்து, பயோமெட்ரிக் பெயரை வாசல் ஆக்சஸ் பாயின்டோடு நிறுத்தினேன். அடிப்படை வேகம் 12 ஆயிற்று. தளத்துக்கு மூன்றில் மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டுவைத்து, 1, 6, 11 என்று ஒதுக்கி, மேல் தளத்தில் வரிசையை மாற்றிப் போட்டேன். 5 கிகாஹெர்ட்ஸ் 20 மெகாஹெர்ட்ஸில், டிஎஃப்எஸ் உட்பட, தானியங்கியில் இருக்கிறது. காலி நேரத்தில் 2.4 பயன்பாடு இப்போது பத்து விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இரவு முறையீடுகள் வெகுவாகக் குறைந்தன. நடைவழியின் இரு கோடிகளிலும் உள்ள அறைகளில் மட்டும் குறை தொடர்கிறது. அங்கே அறைக்குள் வைப்பதற்கு வார்டனின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறேன்.

இதில் ஒரு புதிய சிக்கல். நாங்கள் மாணவர் கருவிகளின் மேக் முகவரியை (கருவிக்குரிய வன்பொருள் எண்ணை) பதிந்துவைத்து அனுமதிக்கும் வழக்கம் உடையவர்கள். பெயரை மாற்றிய மறுநாளே, பதிந்த கைபேசிகள் பல அந்நியமாகத் தெரிகின்றன. பதிவுத் தரவு அழியவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டேன்.


நெல்லைநிர்வாகி எழுதியது:

தரவில் குறையில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் ஒரு புனைந்த முகவரியைக் காட்டுகின்றன. அதே பெயருக்கு அதே முகவரி பெரும்பாலும் நிலையாக இருக்கும். பெயர் மாறினால் முகவரியும் மாறும். பழைய மாணவர் எஸ்எஸ்ஐடியின் பெயரையே ஒருங்கிணைந்த பெயராக வைத்திருந்தால் இது எழுந்திராது. இப்போது அனைவரையும் மறுபடி பதியச் சொல்வதைவிட, 802.1எக்ஸ் வந்துவிட்டபடியால் மேக் பதிவையே கைவிடுங்கள்; யார் இணைந்தார் என்பதை ரேடியஸ் பதிவேடு சொல்லும். அத்துடன் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி முகவரித் தொகுப்பையும் பாருங்கள். பழைய, புதிய முகவரிகள் இரண்டின் பெயரிலும் லீஸ் (ஐபி முகவரிக்கான தற்காலிக ஒதுக்கீடு) நிலுவையில் இருக்கும். 254 முகவரிகள் மட்டுமே உள்ள விலான் என்றால் இன்று இரவே நிரம்பிவிடும். லீஸ் நேரத்தைத் தற்காலிகமாகச் சில மணி நேரமாகக் குறைத்துவிட்டு, வார இறுதியில் அந்த விலானை 1022 முகவரிகள் உள்ளதாக விரித்துவிடுங்கள்.